மீன்தொட்டிக்குள் கல்லும் கட்டையும்: புதியவர்களுக்கு ஓர் அமைப்பு வழிகாட்டி

கொளத்தூர் வண்ண மீன் கடைகளுக்கு முதன்முறையாகப் போகிறவர்கள் பெரும்பாலும் கண்ணாடித் தொட்டி, நீல நிறக் கற்கள், நான்கு பிளாஸ்டிக் செடிகள், குமிழி விடும் பொம்மை ஒன்று, அவற்றோடு பத்துப் பன்னிரண்டு மீன்கள் என எல்லாவற்றையும் ஒரே நடையில் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். அன்று மாலையே தொட்டி நிரம்பிவிடுகிறது. பொருள்கள் கை போன இடத்தில் அமர்ந்துவிடுகின்றன. ஒரு வாரத்துக்குள் சில மீன்கள் ஃபில்டருக்குப் பின்னால் ஒண்டிக்கொள்கின்றன. சில, மற்றவற்றின் வாலைக் கடித்துக் கிழிக்கின்றன. நோயுள்ள மீனைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கடைக்காரர் மீது பழி விழுகிறது. பல வீடுகளில் குறை மீனிடம் இல்லை, தொட்டிக்குள் பொருள்கள் வைக்கப்பட்ட விதத்தில்தான் இருக்கிறது.

மறைவிடம் வைத்தால் மீன் அதற்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடும், பிறகு பார்ப்பதற்கு என்ன இருக்கும் என்று புதியவர்கள் அஞ்சுவதுண்டு. நடப்பது இதற்கு நேர்மாறானது. ஆற்றிலும் ஏரியிலும் சிறிய மீன்கள், கொக்குக்கும் பெரிய மீனுக்கும் தப்பி வாழப் பழகியவை. ஓடி ஒளிய ஓர் இடம் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் அவை திறந்த வெளிக்கு வந்து மேயும். நான்கு பக்கமும் வெட்டவெளியாக இருக்கும் தொட்டியில் அவை நிறம் மங்கி, மூலையில் அசையாமல் நிற்கும். ஆகவே அலங்காரப் பொருள்களை வாங்கும் முன்பு, எந்த மீனுக்கு எத்தகைய மறைவு வேண்டும் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். கண்ணுக்கு அழகாக அமைப்பது அதற்கு அடுத்த வேலை.

இங்கே சொல்லப்படுபவை நன்னீர்த் தொட்டிக்கானவை. கணக்குக்கு வசதியாக, பெரும்பாலானோர் தொடங்கும் இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்ட தொட்டியையே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மீனைப் பொறுத்தே மறைவிடம்

கப்பி, மோலி, பிளாட்டி ஆகியவை குட்டி போடும் மீன்கள். தாயே தன் குட்டியைத் தின்றுவிடும். இவற்றுக்குக் குகை தேவையில்லை. நீரின் மேற்பரப்பை ஒட்டியும் தொட்டியின் ஒரு பக்கத்திலும் அடர்ந்த செடிக்கூட்டம் வேண்டும். ஹார்ன்வொர்ட் போன்ற மிதக்கும் செடியையோ ஜாவா மாஸ் பாசியையோ ஒரு கைப்பிடி போட்டுவிட்டால், பிறந்த குட்டிகள் அதற்குள் புகுந்துகொள்ளும். ஆண் கப்பிகள் பெண் கப்பிகளை ஓயாமல் துரத்தும் என்பதால், பெண் மீன்கள் சற்று நேரம் பார்வையிலிருந்து விலகி இளைப்பாறவும் அந்த அடர்த்தியே உதவுகிறது.

ஃபைட்டர் மீனுக்கு நீரின் மேல்மட்டம் முக்கியம். அது மேலே வந்து காற்றைக் குடித்தும் சுவாசிக்கும் இனம். மேற்பரப்பு முழுவதையும் செடியால் மூடிவிடக் கூடாது. மேற்பரப்புக்குக் கீழே நான்கைந்து சென்டிமீட்டரில் அகன்ற இலை ஒன்றோ, சாய்ந்த கட்டை ஒன்றோ இருந்தால் அதன் மேல் படுத்து ஓய்வெடுக்கும். அதன் நீண்ட துடுப்புகள் மெல்லியவை. முனை கூரான பிளாஸ்டிக் செடிகளும் சொரசொரப்பான பொம்மைகளும் அவற்றை நாராகக் கிழித்துவிடும். வாங்கும் முன்பு ஒரு மெல்லிய நைலான் துணியை அந்தப் பொருளின் மேல் இழுத்துப் பாருங்கள். துணியில் நூல் பிடித்து இழுத்தால் அந்தப் பொருள் ஃபைட்டருக்கு ஆகாது. சென்னைத் தெருக்களில் நிழலுக்காக வளர்க்கப்படும் நாட்டு வாதுமை மரத்தின், அதாவது நாம் பாதாம் மரம் என்று சொல்வதன், தானாக உதிர்ந்து காய்ந்த இலை ஒன்றைக் கழுவிப் போடுவது ஃபைட்டர் வளர்ப்பவர்களின் பழைய வழக்கம். இலை நீரைத் தேநீர் நிறமாக்கும். அது மீனுக்குக் கெடுதல் இல்லை. சாலையோர இலையில் புகையும் தூசியும் படிந்திருக்கும் என்பதால், வீட்டு வளாகத்துக்குள் இருக்கும் மரத்திலிருந்து எடுப்பது நல்லது.

கோல்டு ஃபிஷ் தரையைக் கிளறி, கல்லை வாயில் போட்டு உமிழும் மீன். கடலை அளவுக் கல் அதன் வாயில் சிக்கிக்கொள்ளக்கூடும். எனவே நுண்மணலோ, விழுங்கவே முடியாத இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட உருண்டைக் கூழாங்கல்லோ போட வேண்டும். இடைப்பட்ட அளவு வேண்டாம். கண் பிதுங்கிய வகைகளும் கண்ணுக்குக் கீழே நீர்ப்பை தொங்கும் வகைகளும் வளர்க்கிறவர்கள் கூரான கல்லையும் குச்சியையும் முற்றிலும் தவிர்க்க வேண்டும். இந்த மீன்களுக்குப் பொருள்கள் குறைவாகவும் நீந்தும் வெளி அதிகமாகவும் இருப்பதே நன்மை. இரண்டடித் தொட்டியில் இரண்டு குட்டிகளுக்கு மேல் விட வேண்டாம்; அவை வளர்ந்ததும் பெரிய தொட்டிக்கு மாற்றியாக வேண்டும்.

ஏஞ்சல் மீன் தட்டையான, உயரமான உடல் கொண்டது. செங்குத்தாக நிற்கும் கட்டைகளுக்கும் நீண்ட இலைகளுக்கும் இடையில் நுழைந்து செல்லும் இயல்புள்ளது. அதற்குத் தாழ்வான குகை பயன்படாது. வாலிஸ்நேரியா செடியைப் பின்வரிசையில் நட்டு, ஒரு கட்டையை நிமிர்த்தி வைத்தால் போதும். நிமிர்ந்த தட்டைக் கல்லிலோ அகன்ற இலையிலோ அது முட்டையும் ஒட்டும். நியான் போன்ற சிறிய டெட்ராக்கள் கூட்டமாக நீந்துபவை. பின்புறம் இருட்டாகவும், நடுவில் நீந்த இடமும், இரு ஓரங்களில் செடியும் இருந்தால் அவற்றின் நிறம் எடுப்பாகத் தெரியும். அடித்தளத்தில் மீசையால் துழாவி மேயும் கோரிடோரஸுக்கு மழுங்கிய மணல் தேவை. உடைந்த கல்லின் விளிம்பு மீசையைப் புண்ணாக்கிவிடும்.

கடைகளில் சக்கர் என்று விற்கப்படும் மீனைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி, விரல் நீளக் குட்டியாகத் தருவார்கள். பரவலாக விற்கப்படும் இனம் ஓரடிக்கும் மேல் வளரக்கூடியது. பகலில் ஒளிந்து இரவில் மேய்வது. கட்டையைச் சுரண்டித் தின்னும் பழக்கமும் அதற்கு உண்டு. அதற்கு ஒரு மரக்கட்டையும் உடல் நுழையும் ஒரு குழாயோ குகையோ கட்டாயம் தேவை. வளர வளரக் குகையையும் மாற்ற வேண்டும், ஏனெனில் அதன் மார்புத் துடுப்புகளின் முள் விரிந்து, உள்ளே போன மீன் வெளியே வர முடியாமல் சிக்கிக்கொள்ளும். அப்படிச் சிக்கினால் மீனை இழுக்காதீர்கள். குகையைத்தான் உடைக்க வேண்டும். தொட்டிக்கு மிஞ்சி வளர்ந்துவிட்டது என்று ரெட்டேரியிலோ புழல் ஏரியிலோ கொண்டுபோய் விடுவது பெருந்தீங்கு. தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்த இனம் நம் நீர்நிலைகளில் பெருகி நாட்டு மீன்களை நெருக்குகிறது. வாங்கிய கடையிலேயே திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

ஃப்ளவர் ஹார்ன், ஆஸ்கர் ஆகியவற்றை வளர்க்கிறவர்களுக்கு இந்தக் கட்டுரையில் அதிகம் இல்லை. அவை தரையைத் தோண்டும், செடியைப் பிடுங்கும், கல்லைத் தள்ளிக் கண்ணாடியில் மோதும். வெறுந்தரையும், தள்ள முடியாத உருண்டைக் கல் இரண்டும் போதும். வளர்ந்த மீனுக்கு இரண்டடித் தொட்டியே போதாது என்பது தனிச் செய்தி.

எதை உள்ளே வைக்கலாம்

கல்லில் தொடங்குவோம். கருங்கல், குவார்ட்ஸ், ஆற்றுக் கூழாங்கல் ஆகியவை நீரோடு வினை புரியாதவை. சுண்ணாம்புக்கல்லும் பளிங்குக்கல்லும் மெல்லக் கரைந்து நீரின் கடினத்தன்மையையும் காரத்தன்மையையும் உயர்த்தும். வடசென்னையில் கடலோரப் பகுதிகளான திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம் முதலியவற்றில் ஆழ்துளைக் கிணற்று நீர் ஏற்கனவே உப்புச் சுவையுடன் இருக்கும் வீடுகள் பல; அங்கே சுண்ணாம்புக்கல்லையும் போட்டால் டெட்ரா போன்ற மென்னீர் மீன்கள் தாங்குவது கடினம். மோலி, கப்பி போன்றவை கடின நீரைத் தாங்கும். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரிச் சிக்லிட் மீன்களுக்கு மட்டும் இத்தகைய கல் நன்மையே செய்யும்.

கல்லைச் சோதிக்க வினிகர் போதும். கல்லின் ஓரிடத்தை ஆணியால் சுரண்டி, அந்தப் பொடியின் மேல் சில சொட்டுகள் விட்டு, வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. வினிகர் வலுக்குறைந்த அமிலம் என்பதால் நுரை மிக மெல்லியதாக இருக்கலாம்; சுரண்டாமல் மேலே ஊற்றிவிட்டு ஒன்றுமில்லை என்று முடிவு கட்டாதீர்கள். துருப்போன்ற செந்நிறக் கோடுகளும் உலோகம்போல் மின்னும் புள்ளிகளும் உள்ள கற்களை ஒதுக்கிவிடுங்கள். தேர்ந்த கல்லைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவி, கொதிநீரை மேலே ஊற்றிக் காய விட வேண்டும். கல்லை அடுப்பிலேற்றி வேகவைக்கக் கூடாது. உள்ளே அடைபட்ட ஈரம் விரிந்து கல் வெடிக்கக்கூடும். சோப்பும் பாத்திரம் துலக்கும் திரவமும் தொட்டிப் பொருள் எதன் மேலும் படக் கூடாது.

கடற்கரை பக்கத்தில் இருப்பதால் பலருக்கும் கிளிஞ்சலும் சங்கும் பொறுக்கிப் போடத் தோன்றும். அவை முழுக்கச் சுண்ணாம்பு. உள்சுருளில் அழுகிய சதை மிச்சமிருந்தால் நீரைக் கெடுக்கும். பவளத் துண்டு அதைவிட மோசம். பவளம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாக்கப்பட்ட உயிரினம். யார் விற்றாலும் வாங்கக் கூடாது. கடல் மணலில் உப்பும் சிப்பித் தூளும் கலந்திருக்கும். கரை ஒதுங்கிய கட்டைகளும் வேண்டாம். உப்பு ஊறியது ஒருபுறம் இருக்க, 2017 ஜனவரியிலும் 2023 டிசம்பரிலும் எண்ணூரை ஒட்டிய நீரில் எண்ணெய் கசிந்து கரையில் படிந்தது இந்தப் பக்கத்தவர்களுக்கு மறந்திருக்காது. எண்ணெய் உறிஞ்சிய கட்டையைக் கண்ணால் பார்த்து அடையாளம் காண முடியாது.

மரக்கட்டையைக் கடையில் டிரிஃப்ட் வுட் என்று கேட்டு வாங்குவதே பாதுகாப்பு. விலை அதிகம் என்று தோன்றினால், நன்றாகக் காய்ந்த கொய்யாக் கிளையைப் பட்டை உரித்துப் பயன்படுத்தலாம். பச்சை மரம் கூடாது. பால் வடியும் கள்ளியும் எருக்கும், நச்சுள்ள அரளியும், வேம்பும் எந்த நிலையிலும் கூடாது. மரப்பட்டறையில் மிஞ்சும் துண்டுகளில் பூச்சிமருந்தும் வார்னிஷும் இருக்கலாம். கட்டையை ஒரு வாளியில் மூழ்கவைத்து, நீர் பழுப்பாகும்போதெல்லாம் மாற்றி, அது தானாக அமிழும்வரை ஊறவிட வேண்டும். இதற்கு இரண்டு வாரமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். பாத்திரத்தில் அடங்கும் அளவாக இருந்தால் ஓரிரு மணி நேரம் கொதிக்கவைப்பது வேலையைச் சுருக்கும். தொட்டிக்குள் வைத்த பிறகு கட்டையின் மேல் வெண்ணிறப் பஞ்சுபோல் ஒரு படலம் வரும். பயந்து கட்டையைத் தூக்கி எறிகிறவர்கள் உண்டு. அது தீங்கற்றது, சில வாரங்களில் தானே மறையும்.

மலிவிலும் பயனிலும் மண்சட்டிக்கு இணையாக எதையும் சொல்ல மாட்டேன். கொசப்பேட்டையில் மண்பாண்டம் விற்கும் கடைகளில் கைக்கு அடக்கமான கலயமோ சிறு பூந்தொட்டியோ கிடைக்கும். வண்ணம் பூசாததாக, மெருகு ஏற்றாததாக, நன்கு வெந்ததாகப் பார்த்து எடுக்க வேண்டும். விரலால் சுண்டினால் கணீரென ஒலிப்பது நன்கு வெந்தது. மந்தமாக ஒலிப்பது நாளடைவில் நீரில் கரையும். ஒரு நாள் ஊறவைத்து, உடைந்த விளிம்புகளை உப்புத்தாளால் மழுக்கிவிட்டு, பக்கவாட்டில் படுக்கவைத்துப் பாதியை மணலில் புதைத்தால் குகை தயார். புதிதாக அமைப்பவர்கள் சட்டியின் வாயைப் பார்வையாளர் பக்கம் நேராகத் திருப்பி வைப்பார்கள். அறைக்குள் ஆள் நடமாடும் ஒவ்வொரு முறையும் உள்ளிருக்கும் மீன் மிரளும். வாயைச் சற்றுப் பக்கமாகத் திருப்பினால் மீனுக்கு மறைவும் நமக்குக் காட்சியும் இரண்டும் கிடைக்கும்.

கொட்டாங்குச்சியும் நல்லதே. தேங்காய்ச் சதையைத் துளியும் விடாமல் சுரண்டி எடுக்க வேண்டும். எஞ்சிய எண்ணெய் நீரின் மேல் படலமாகிவிடும். நாரையும் நீக்கி, நீர் நிறம் மாறுவது குறையும்வரை இரண்டு மூன்று முறை கொதிக்கவைத்து, விளிம்பில் அரைவட்டமாக ஒரு வாசலும் மறுபக்கம் இன்னொரு வாசலும் அறுத்து, கவிழ்த்து வைக்கலாம். சக்கருக்கும் லோச் மீன்களுக்கும் பி.வி.சி. குழாய்த் துண்டு உகந்தது. ஒட்டும் பசை படாத புதுக் குழாயாக வாங்கி, அறுத்த விளிம்பைத் தேய்த்து வழவழப்பாக்கி, மணலில் பாதி புதைத்துவிட்டால் வெளியே தெரியாது.

கடைப் பொம்மைகளில் எல்லாம் கெட்டவை அல்ல. சந்தேகம் இருந்தால் வெள்ளை வாளியில் ஒரு வாரம் ஊறவைத்துப் பாருங்கள். நிறம் இறங்கினாலோ, வண்ணம் செதிலாக உரிந்தாலோ, நெகிழி நாற்றம் அடித்தாலோ தொட்டிக்கு வேண்டாம். பொம்மையின் அடியில் துளை இருந்தால் உள்ளே எவ்வளவு இடம் என்று விரலை விட்டுப் பாருங்கள். சிறு மீன் நுழைந்து திரும்ப முடியாமல் சாவது இத்தகைய துளைகளில்தான். செம்பு, பித்தளைப் பொருள்களையும் நாணயங்களையும் போடக் கூடாது. செம்பு நத்தைக்கும் இறாலுக்கும் நஞ்சு, மீனுக்கும் நல்லதன்று. கண்ணாடிக் கோலிகளின் இடுக்கில் தீனி விழுந்து அழுகும். அவற்றைக் குழந்தைகளுக்கே விட்டுவிடலாம்.

தரையில் ஒத்திகை

பொருள்கள் சேர்ந்ததும் நேராகத் தொட்டிக்குள் இறக்காமல், வீட்டுத் தரையில் சாக்கட்டியால் இரண்டடிக்கு ஓரடி கட்டம் ஒன்று போட்டு, அதற்குள் அடுக்கிப் பாருங்கள். கண்ணாடிக்குள் கையை விட்டு மாற்றுவதைவிடத் தரையில் மாற்றுவது எளிது. கண்ணாடி கீறும் கவலையும் இல்லை.

பெரிய பொருளை நட்டநடுவில் வைக்காதீர்கள். 60 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு பக்கத்திலிருந்து 37, மறுபக்கத்திலிருந்து 23 சென்டிமீட்டர் வரும் இடத்தில் முதன்மைக் கல்லோ கட்டையோ அமைந்தால் கண் இயல்பாக அங்கே போய் நிற்கும். கற்களை ஒற்றைப்படை எண்ணிக்கையில், ஒன்றைப் பெரிதாகவும் மற்றவற்றைச் சிறிதாகவும் தேர்ந்து, எல்லாவற்றின் வரிகளும் ஒரே திசையில் சாயும்படி வைக்க வேண்டும். இயற்கைக் காட்சியைத் தொட்டிக்குள் கொண்டுவரும் பாணியை உலகெங்கும் பரப்பிய ஜப்பானியரான தகாஷி அமானோவின் (1954–2015) தொட்டிகளில் இந்த ஒழுங்கைக் காணலாம். ஒரே தொட்டியில் ஒரே வகைக் கல், ஒரே வகைக் கட்டை என்று வைத்துக்கொள்வது புதியவரின் அமைப்பையும் பாதி அழகாக்கிவிடும். கோட்டை, முதலை, மூழ்கிய கப்பல், வெண்சங்கு ஆகிய நான்கையும் சேர்த்து வைத்தால் திருவிழாக் கடைதான் மிஞ்சும்.

மறைவிடங்களின் கணக்கு இதுதான். இடம் பிடித்துச் சண்டை போடும் மீன் மூன்று இருந்தால் குகை நான்கு வேண்டும். ஒவ்வொன்றிலும் இரண்டு வாசல் இருப்பது நலம், துரத்தப்பட்ட மீன் முட்டுச்சந்தில் மாட்டிக்கொள்ளாது. வாசலின் அகலம் மீனின் உடல் தடிமனைப்போல் ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். குகைகளை ஒரே மூலையில் குவிக்காமல், ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றொன்று தெரியாதபடி இடையில் கல்லையோ கட்டையையோ நிறுத்த வேண்டும். எதிரி கண்ணில் படாவிட்டால் பெரும்பாலான சண்டைகள் தொடங்குவதேயில்லை.

முன்கண்ணாடிக்கும் பொருள்களுக்கும் இடையில் நான்கைந்து சென்டிமீட்டர் விடுங்கள். காந்தத் துடைப்பானும் கைவலையும் புழங்க அது தேவை. ஃபில்டரின் உறிஞ்சுவாயை மறைக்கலாம், அடைக்கக் கூடாது. தரைக் கட்டத்தை ஒரு புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுக்கும் வரிசை

முதலில் எடையைக் கணக்கிடுவோம். இரண்டடித் தொட்டியின் கொள்ளளவு 54 லிட்டர். சராசரியாக 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு மணல் இட 9 லிட்டர் மணல், அதாவது ஏறக்குறைய 13 அல்லது 14 கிலோ தேவைப்படும். மேலே நான்கு சென்டிமீட்டர் காலியாக விட்டால் 7 லிட்டர் குறையும். பத்துக் கிலோ கல் ஏறக்குறைய 4 லிட்டர் நீரின் இடத்தைப் பிடிக்கும். ஆக 54 லிட்டர் என்று வாங்கிய தொட்டியில் உண்மையில் நிற்பது 34 லிட்டர் நீர்தான். மீன்களின் எண்ணிக்கையையும் மருந்தின் அளவையும் இந்த 34 லிட்டருக்குத்தான் பார்க்க வேண்டும். கண்ணாடியும் சேர்ந்து மொத்த எடை 70 கிலோவை நெருங்கும் என்பதால் மேசை உறுதியாக இருக்க வேண்டும். தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் தகடு விரிக்க வேண்டும். சன்னலுக்கு எதிரே வைத்தால் வெயில் பட்டுக் கல்லும் கண்ணாடியும் பச்சைப் பாசி பிடிக்கும்.

பிறகு பின்னணித் தாள். தொட்டியின் வெளிப்புறத்தில் கறுப்பு அல்லது கருநீலத் தாளை ஒட்டுங்கள். ஒளிரும் பவளக்காட்சி அச்சிட்ட தாளைவிட இது எளிமையானது. மீனின் நிறத்தை எடுத்துக்காட்டுவதும் இதுவே. மீன்கள் சுற்றுப்புறத்துக்கு ஏற்பத் தங்கள் நிறத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடியவை. வெண்மையான அல்லது பளீரென்ற நீலக் கற்களின் மேல் அவை வெளிறித் தெரிவதும், பழுப்பு, கறுப்பு மணலின் மேல் நிறம் பெறுவதும் அதனால்தான்.

கனமான கற்களை மணலுக்கு முன்பே வைக்க வேண்டும். மணலை இட்டு அதன் மேல் கல்லை அடுக்கினால், தோண்டும் மீன் அடியை அரித்து ஒரு நாள் கல் சரிந்து கண்ணாடியை உடைக்கும். கல் நேரடியாகக் கண்ணாடியில் உட்காராதபடி, அந்த இடத்தில் மட்டும் ஒரு பிளாஸ்டிக் வலைத்துண்டை விரித்து, அதன் மேல் அடிக்கல்லை அசையாமல் அமர்த்துங்கள். கையால் நான்கு பக்கமும் தள்ளிப் பாருங்கள். இரண்டடுக்குக்கு மேல் உயர்ந்தால் சிலிகான் பசையால் ஒட்டிவிடுவது நல்லது. மீன்தொட்டிக்கு உரியது என்று குறிப்பிட்டதாக, பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காததாக வாங்கி, இரண்டு நாளாவது வெளியே உலரவிட வேண்டும். புளிப்பு வாடை முற்றிலும் போன பிறகே உள்ளே வைக்கலாம்.

மணலை நீர் தெளியும்வரை வாளியில் கழுவுங்கள். இது அலுப்பூட்டும் வேலை. அரைகுறையாகக் கழுவினால் தொட்டி நாள்கணக்கில் கலங்கியே நிற்கும். எம்-சாண்ட் கூர்விளிம்புள்ளது, தூளும் அதிகம். அது கட்டட வேலைக்கே உரியது. கழுவிய மணலை முன்பக்கம் மூன்று அல்லது நான்கு, பின்பக்கம் ஆறு அல்லது ஏழு சென்டிமீட்டர் உயரமாகச் சரித்துப் பரப்பினால் தொட்டிக்கு ஆழமும் கிடைக்கும், கழிவும் முன்பக்கம் உருண்டு வந்து உறிஞ்சி எடுக்க வசதியாகும்.

அதன் பிறகு சட்டி, கொட்டாங்குச்சி, கட்டை, கடைசியாகச் செடி. அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் குறைந்த வெளிச்சத்தில் வளர்பவை, புதியவர்களுக்கு ஏற்றவை. அவற்றின் தடித்த கிடைத்தண்டை மணலில் புதைத்தால் அழுகும். பருத்தி நூலால் கட்டையோடு கட்டிவிடுங்கள். நூல் மக்கிப்போவதற்குள் வேர் பிடித்துக்கொள்ளும். உயரமான செடிகள் பின்னால், குட்டையானவை முன்னால். ஃபில்டரையும் ஏர் பம்பின் குழாயையும் பின்மூலைச் செடிகளுக்குப் பின்னால் கொண்டுபோங்கள். கப்பிக் குட்டிகள் இருக்கும் தொட்டியில் உறிஞ்சுவாய்க்கு ஸ்பாஞ்ச் மாட்ட வேண்டும். குமிழி விடும் பொம்மை வைப்பவர்கள், மின்சாரம் நின்றால் குழாய் வழியாக நீர் பின்னோக்கி இறங்கிப் பம்புக்குள் புகாதபடி ஒருவழி வால்வு மாட்டுங்கள், அல்லது பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள்.

நீர் விட்ட பிறகு

மணலின் மேல் ஒரு தட்டை வைத்து, அதன் மேல் மெதுவாக நீரை ஊற்றினால் அமைப்பு கலையாது. குடிநீர் வாரிய நீரில் குளோரின் கலந்திருக்கும். காற்று விட்டபடி ஒரு நாள் வைத்திருங்கள், அல்லது கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கும் மருந்தைச் சேருங்கள். மீன்களை உடனே விடக் கூடாது. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் ஃபில்டரிலும் மணலிலும் கல்லின் மேற்பரப்பிலும் குடியேறச் சாதாரணமாக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை காத்திருக்க மனமில்லாதவர்கள் இரண்டு மூன்று உறுதியான மீன்களோடு தொடங்கி, தீனியைக் குறைத்து, நீரை அடிக்கடி சிறிது சிறிதாக மாற்ற வேண்டும்.

மீன் விட்டதும் ஓரிரு நாள் அவை ஒளிந்திருப்பது இயல்பு. ஒரு வாரத்துக்குப் பிறகும் ஒரு மீன் தீனிக்கு வராமல் ஃபில்டருக்குப் பின்னாலேயே நின்றால், அதற்கு உரிய மறைவிடம் இல்லை, அல்லது அந்த இடத்தை வேறொரு மீன் பிடித்துவைத்திருக்கிறது என்று பொருள். எதிர் மூலையில் இன்னொரு சட்டியை வைத்துப் பாருங்கள். இடையில் ஒரு கட்டையை நிறுத்தி இருவர் பார்வையையும் மறைத்துப் பாருங்கள். இதிலும் மாற்றமில்லாதபோதுதான் நோயைச் சந்தேகிக்க வேண்டும்.

சென்னையின் கோடையைத் தனியாகக் கவனிக்க வேண்டும். 25 டிகிரி நீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரையக்கூடிய ஆக்சிஜன், 32 டிகிரியில் 7.3 மில்லிகிராம் அளவுக்குக் குறைந்துவிடும். அதே வெப்பத்தில் மீனின் தேவையோ கூடும். ஷீட் கூரை வீடுகளில் மே மாதப் பிற்பகலில் தொட்டி நீர் இந்த வெப்பத்தையும் தாண்டுவதுண்டு. அந்த மாதங்களில் கல்லைச் சற்றுக் குறைத்து நீரின் அளவைக் கூட்டுவதும், மேற்பரப்பை மூடும் மிதக்கும் செடியைப் பாதியாக எடுத்துவிடுவதும், குமிழிக்கல்லைத் தடையற்ற இடத்துக்கு நகர்த்துவதும் பயன் தரும்.

வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றும்போது குகைகளின் உட்புறத்தையும் கட்டைகளின் அடியையும் குழாயால் உறிஞ்சி எடுங்கள். நீரோட்டம் எட்டாத இடங்களில்தான் கழிவு சேர்ந்து கறுக்கும். மணலைக் கிளறும்போது அழுகிய முட்டை நாற்றத்தோடு குமிழி வந்தால், அந்த இடத்தில் மணல் மிக ஆழமாக இருக்கிறது, அல்லது பொருள் நெருக்கி வைக்கப்பட்டிருக்கிறது. பாசி பிடித்த கற்களையும் சட்டிகளையும் எல்லாவற்றையும் ஒரே நாளில் வெளியே எடுத்துக் குழாய் நீரில் தேய்த்துக் கழுவினால், அவற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அழிந்து நீர் மறுநாளே கெட்டுவிடக்கூடும். ஒரு வாரத்துக்கு ஓரிரு பொருள் என்று, தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே கழுவுங்கள்.

அமைப்பை அடிக்கடி மாற்றுவது மீனுக்கு நல்லதன்று. ஒரே ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும் வேண்டுமென்றே மாற்றலாம். இடம் பிடித்து வாழும் மீன்கள் உள்ள தொட்டியில் புதிய மீனைச் சேர்க்கும்போது, விளக்கை அணைத்துவிட்டு, சட்டிகளையும் கட்டைகளையும் இடம் மாற்றி வைத்த பிறகு புதியதை விடுங்கள். பழைய மீன்களுக்கும் அப்போது எல்லை புதிதாகிவிடுவதால், வந்த மீனைத் துரத்துவதை விட்டுத் தங்களுக்கு ஒரு மூலையைத் தேடுவதில் முனையும். மறுநாள் காலை தீனி போடும்போது துரத்தல் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் இன்னொரு குகையைச் சேர்க்க வேண்டும்.